சாக்கு கட்டிய தொழுவம்

அன்று யாரோ இருமினார்கள்.

பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. வெளியே சாரல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. தொழுவத்தில் குத்தவைத்து உட்கார்ந்து என் பசு வெள்ளச்சியைக் கறந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது ஒரு கனத்த இருமல்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கிணற்றடிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "மாமா, இந்தச் சாரல்ல பச்சத்தண்ணியில குளிக்காதீய. சளி பிடிச்சிரும்" என்று மரியாதையாகச் சொன்னேன்.

பதிலுக்கு இன்னொரு இருமல். கூடவே என் தோள்மீது சூடாக ஒரு மூச்சு.

திரும்பினால், செவலை! கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணில் நீர் கோத்து நின்றாள். பசு இருமும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய்க் கொல்லையின் மறுபக்கத்து வீட்டுப் பாத்துமுத்து அக்காவை எழுப்பினேன். "அக்கா, உங்க செவலை மனுசாளு மாதிரி இருமுதா, வந்து பாருங்க!"

இருவரும் தொழுவத்து வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மழை இடித்த சுவர்

புனலூர் ரயில் பயணத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்றால், மற்ற நாளெல்லாம் என்னதான் செய்தீர்கள்?"

பால் கறந்தேன், அம்மா. அந்தக் கதைதான் இந்த வாரம்.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் பாத்துமுத்து அக்கா வீட்டுக்கும் பின்பக்கம் நடுவே ஒரு மண்சுவர் இருந்தது. அவள் என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். நெசவுக் குடும்பம், வீட்டுக்குள்ளேயே தறி. அவள் கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். என்னவர் புனலூரில் மரக்கடைக் கணக்கர். எங்கள் இருவருக்கும் புருஷன் என்பவர் பெரும்பாலும் தபாலில்தான் வந்தார்.

ஓர் ஐப்பசி மழையில் அந்தச் சுவர் பாதி விழுந்தது. திரும்பக் கட்டுவதைவிட மீதியை இடித்துவிடுவது லேசு என்று இருவருமே நினைத்தோம். மண்ணை அள்ளிக் கொட்டிய மறுநாளே எங்கள் கொல்லைகள் ஒன்றாகிவிட்டன. அவளுடைய செவலையும் என்னுடைய வெள்ளச்சியும் ஒரே தொழுவத்துக்கு வந்தன. நாங்களும் மெல்ல ஒரே அடுப்புக்கு வந்தோம். அவள் வீட்டுக் கறிக்குழம்பு மட்டும் என் பக்கம் வராது, வாசம் வரும்.

அடுத்த சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் குற்றாலத்துக் காபிக் கடை அண்ணாச்சி ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"சீசன்ல குத்தாலத்துக்கு வாரவனுக்கு அருவி ரெண்டாவதுதான், தாயி. மொதல்ல காப்பி. நல்ல பசும்பாலு வேணும் எனக்கு. காலையில ஒரு பெரிய தவலை நெறய தருவீயளா?"

எங்கள் இரண்டு பசுவும் கூடி முக்கினாலும் அந்தத் தவலையில் கால்வாசி நிறையாது. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே மூச்சில், "தருவோம், அண்ணாச்சி" என்றோம்.

மூக்கு துடைத்த கரிசனம்

என் கழுத்துச் சங்கிலியும், கொழும்பிலிருந்து வந்த பணமும் சேர்ந்து நான்கு பசுக்களாக மாறின.

சந்தைக்கு நானும், லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரரும் போனோம். அவருக்கு மரம் தெரியும், மாடு தெரியாது. ஒவ்வொரு பசுவின் முதுகையும் தேக்குக் கட்டையைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வைரம் பாஞ்சிருக்கு, கோமு" என்றார்.

அதில் ஒரு கறுப்புப் பசு. காரி என்று பெயர் வைத்தோம். அதை விற்ற தரகர் பேசிக்கொண்டே தன் தோள்துண்டால் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு ஒரு பக்கம், துடைப்பு ஒரு பக்கம். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். கடைசியில் அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீயளா, எவ்வளவு பாசம்!" என்று நான் உருகிப்போனேன். காரியின் மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, என்னவருக்கும் தோன்றவில்லை.

சந்தையிலிருந்து வீடு வரை நடைதான். பாதி வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. நான்கும் முதுகெலும்பு தெரிய நனைந்து, தீவனமும் இல்லாமல், கால் தள்ளாடி வந்து சேர்ந்தன. வந்ததும் வராததுமாக எங்கள் பசுக்களின் நடுவே கட்டினோம். ஒரே தொட்டியில் ஆறும் வாய் வைத்துக் கழுநீர் குடித்தன. ஒன்றாய்க் குடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

காற்று புகாத மாளிகை

சாரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். கொல்லையில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கவலை. மேற்கே மலையிலிருந்து குளிர்ந்த காற்று விடாமல் வரும். தொழுவத்துக்கு மூன்று பக்கமும் இடுப்பளவுச் சுவர்தான்.

பாத்துமுத்து அக்காவிடம் கோணி ஊசியும் சணல் நூலும் இருந்தன. இருவரும் உட்கார்ந்து பழைய சாக்குகளைப் பிரித்துத் தைத்துத் திரையாக்கினோம். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இழுத்துக் கட்டினோம். இடுக்கு தெரிந்த இடமெல்லாம் வைக்கோலைத் திணித்தோம். கொசுவுக்கு மாலையில் சாண எருவாட்டியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினோம்.

"ஏட்டி கோமு, இனி ஒரு பொட்டுக் காத்து உள்ள வரட்டும் பாப்போம்" என்றாள் அக்கா.

வரவில்லை. உள்ளே போனால் கதகதவென்று, பிள்ளை பெற்ற அறைபோல இருக்கும். எங்களுக்கு அவ்வளவு பெருமை.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஜோர். விடிகாலையில் கறந்து, தவலை வாயில் துணி கட்டி, முதல் பஸ்ஸில் ஏறுவேன். கண்டக்டர் தவலைக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். அப்புறம் பழகிப்போய், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டைத் தவலைக்கென்றே பிடித்துவைப்பார். தவலை உட்கார்ந்து வரும். நான் நின்றுகொண்டு வருவேன். குற்றாலத்தில் இறங்கினால் எண்ணெய் தேய்த்த முதுகுகளும் ஈர வேட்டிகளுமாகக் கூட்டம், அண்ணாச்சி கடையில் வரிசை கட்டி நிற்கும்.

அப்போதுதான் செவலை இருமினாள்.

நாலாம் நாள் இன்னொன்று. வாரத்துக்குள் மூன்று. குளிர்தான் உள்ளே புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, இன்னும் இரண்டு சாக்கு சேர்த்துக் கட்டினோம். புகையையும் கூட்டினோம். இருமலும் கூடியது.

தவலை முக்காலுக்கு வந்தது. பிறகு அரை. அண்ணாச்சி தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். திட்டமாட்டார். அந்தச் சின்னக் குரலில், "பஸ்ஸுல சிந்திட்டா, தாயி?" என்பார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஒரு குழாய் எண்ணெய்

மாட்டாஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். ஆனால் அங்கே ஊசி போட்டால் மடி வற்றிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. சீசன் நடுவில் அந்தப் பயம் பெரிய பயம்.

அதனால் கைவைத்தியம். பூண்டும் மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். அக்கா செவலையின் நாக்கை ஒதுக்கிப் பிடிக்க, நான் தலையை மேல்நோக்கித் தூக்கி, மூங்கில் குழாயால் ஊற்றினேன். நடுவில் அவள் இருமினாள். பாதி வெளியே கொட்டிப்போயிற்று.

மறுநாள் அக்காவின் தங்கை பிள்ளைக்குக் கடையநல்லூரில் பெயர் வைத்தார்கள். காலையில் கிளம்பும்போது சொன்னாள்: "ஏட்டி, இன்னைக்கு எண்ணெ வேண்டாம். அவா மூச்சு வாங்குதா. சும்மா கெடக்கட்டும், நான் வந்து பாத்துக்கிடுதேன்."

சரி என்றுதான் தலையாட்டினேன்.

ஆனால் அவள் போனபிறகு செவலை இருமிக்கொண்டே இருந்தாள். அக்கா அந்தப் பசுவை மாடாகவா வைத்திருந்தாள்? கன்றாக வாங்கி, கணவர் கப்பலேறிய வருஷத்திலிருந்து அதோடு பேசிப் பேசி வளர்த்தவள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது செவலை எழுந்து நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்! அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை. நல்ல பேர் எடுக்கவும் ஆசைதான். மறைக்க என்ன இருக்கிறது.

தூணோடு சேர்த்துக் கட்டி, தலையை நன்றாக மேலே தூக்கி, ஒரு குழாய் எண்ணெயையும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிவிட்டேன். செவலை திமிறினாள், புரையேறி இருமினாள். சளி பெயர்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அக்கா திரும்பி வந்தபோது செவலை வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு மூச்சையும் எங்கோ தூரத்திலிருந்து இழுத்து வருவதுபோல.

"காலையிலேர்ந்து இப்பிடித்தான் இருக்காளா?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் படுத்தாள். அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கோமு, கொஞ்சம் வென்னி எடுத்தா" என்றாள். நான் செம்போடு வந்தபோது செவலை போய்விட்டாள். அக்கா வாய்விட்டு அழவில்லை. அவள் தலையை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, வெந்நீரை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

டாக்டருக்குக் கண் கலங்கியது

மடி வற்றினால் வற்றட்டும் என்று அதன்பிறகுதான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, நீள மூக்கோடு, சைக்கிளில் வந்தார். குனிந்து தொழுவத்துக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஏனுங்க, உள்ள மாடு கட்டியிருக்கறீங்களா, கருவாடு போட்டு வெச்சிருக்கறீங்களா? கதவைத் தொறங்க!"

"தொறந்துதான டாக்டரய்யா இருக்கு" என்றேன்.

"அப்ப அந்தச் சாக்கை அத்தனையும் அவுருங்க."

பாத்துமுத்து அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "இருமுத மாட்டைச் சாரல்ல நிப்பாட்டச் சொல்லுதீயளா? இருக்கதும் போயிரும்லா!"

"நனைய விடச் சொல்லலீங்க. கூரை இருக்கட்டும். தரை காஞ்சிருக்கோணும். காத்து வந்துட்டுப் போகோணும், அவ்வளவுதான். குளிரை மாடு தாங்குமுங்க. தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கறதைத் தாங்காது."

அக்கா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க. மாடு படுத்தா மூக்கு எந்த உயரத்துல இருக்குமோ, அந்த உயரத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க" என்றார்.

நான் போனேன். தினமும் கறக்கிற இடம்தான். ஆனால் கறக்கும்போது கவனம் மடியில் இருக்கும், கதவும் பக்கத்தில் இருக்கும். இப்போது உள்மூலையில், தரையோடு தரையாக முகத்தை வைத்தேன். ஊறிப்போன மூத்திரத்தின் காரம் மூக்கில் ஊசிபோல ஏறியது. அதன்மேல் நேற்றைய புகை. இருபது எண்ணுவதற்குள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். அந்த ஆறு பசுவும் இரவெல்லாம் அங்கேதான் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தன.

 அக்கா வீட்டுக்குள் போய்த் தறியில் பாவு நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். தைத்த கையாலேயே ஒவ்வொரு சாக்காக அறுத்துத் தள்ளினாள். மலைக்காற்று உள்ளே வந்தது. பசுக்கள் ஐந்தும் மூக்கைத் தூக்கின.

டாக்டர் காதுக்குழாயை வைத்து ஒவ்வொன்றின் விலாவிலும் கேட்டார். அக்கா ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு அவள் காதிலும் மாட்டிவிட்டார். அவள் கேட்டுவிட்டு, "தறியில நூலு சிக்குனா வருமே, அந்தச் சத்தம் கேக்குது" என்றாள். "அதேதானுங்க" என்றார் டாக்டர்.

காரியைப் பார்த்ததும், எங்கே வாங்கினது, எப்படிக் கொண்டுவந்தது, வந்ததும் எங்கே கட்டினது என்று துருவினார். நான் தரகரின் துண்டைப் பற்றிச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். சீக்கைக் காரி கொண்டுவந்திருக்கும், அலைச்சலும் நனைதலும் மற்றதையெல்லாம் பலவீனமாக்கியிருக்கும், மீதியை எங்கள் சாக்கு பார்த்துக்கொண்டது என்றார். புது மாடு வந்தால் பத்துப் பதினைந்து நாளாவது தனியாகக் கட்டிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்க வேண்டுமாம்.

"செத்தது எப்படிங்க? அதான் முதல்ல இருமுச்சா?"

"ஆமா" என்றாள் அக்கா. "எண்ணெ ஊத்துனோம்."

டாக்டரின் முகம் மாறியது. "தலையைத் தூக்கிப் புடிச்சு ஊத்தினீங்களா? இருமற மாட்டுக்கு அப்படி ஊத்தினா, எண்ணெய் வயித்துக்குப் போகாதுங்க. நெஞ்சுக்குள்ள போயிரும். அப்புறம் நாங்க வந்தும் பிரயோசனமில்ல."

நான் குனிந்து, அறுந்து கிடந்த சாக்குகளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"நாங்கதான் ஊத்துனோம்" என்றாள் அக்கா மறுபடி. "இனி ஊத்த மாட்டோம்."

இருக்கிற மாடு தின்ற நஷ்டம்

காரியையும் மற்ற இரண்டு இருமல்காரிகளையும் என் பக்கத்துக் கொல்லையில் தனியாகக் கட்டினோம். தனித் தொட்டி, தனி வாளி. நன்றாக இருப்பவற்றை முதலில் கறந்து, கை கழுவி, பிறகுதான் அந்தப் பக்கம். டாக்டர் தினமும் வந்து ஊசி போட்டார். தரையில் மணல் கொட்டி, மூத்திரம் ஓட வாய்க்கால் வெட்டினோம்.

ஊசியால் ஒரு மடியும் வற்றவில்லை. சீக்குதான் ஏற்கெனவே வற்றடித்திருந்தது.

ஒன்றை அப்போது கற்றுக்கொண்டேன். செவலை போனது பெரிய அடி. ஆனால் அது ஒரு நாளில் விழுந்த அடி. பிழைத்தவை கொடுத்த அடி தினமும் விழுந்தது. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தவிடும் பழைய அளவுதான் தின்றன. நோயிலிருந்து எழுந்த மாட்டுக்குக் கூடவே போட வேண்டியிருந்தது. பாலோ பாதிகூட இல்லை. ஒன்று சினை பிடிக்காமல் நாளைக் கடத்தியது. காரியோடு சந்தையிலிருந்து வந்த கன்று தாய்ப்பால் போதாமல் எலும்பும் தோலுமாக நின்றது. இருமல் நின்றபிறகும் அந்த ஈத்து முழுக்க, அடுத்த கன்று போடும்வரை, பால் ஏறவே இல்லை.

சீசன் யாருக்காகவும் காத்திருக்காது. அண்ணாச்சி பக்கத்து இலஞ்சி ஊர்க்காரர் ஒருவரிடம் எருமைப்பால் வாங்க ஆரம்பித்தார். அதைச் சொல்ல அவரே பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தார். "கடையை மூட முடியாதுல்லா, தாயி. ஆனா உங்க பாலு எவ்வளவு இருக்கோ, அதைக் கொண்டாங்க. எனக்கும் எம் பொஞ்சாதிக்கும் காப்பிக்கு ஆவும்." அவர்கள் இருவரும் அவ்வளவு காபியா குடித்திருப்பார்கள்? தெரியாது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

நடுவில் வெளியூர்க்காரர் ஒருவர் காரியை விலைக்குக் கேட்டு வந்தார். பளபளவென்றிருந்தது, அன்று காலையிலிருந்து இருமவும் இல்லை. என் சங்கிலியில் பாதியாவது திரும்பியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அது இருமுத மாடு, அண்ணாச்சி. உங்க தொழுவத்துக்கு வேண்டாம்" என்று சொல்லி, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அஞ்சு மாடு

சாரல் நின்று, வெயில் மஞ்சளாக விழ ஆரம்பித்த ஒரு காலை. இருவரும் திறந்த தொழுவத்தில் ஆளுக்கொரு பசுவாகக் கறந்துகொண்டிருந்தோம். பால் பாத்திரத்தில் விழும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒரு மாடும் இருமவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்க கடையநல்லூர் போன அன்னைக்கு..."

அவள் கை நிற்கவில்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டுப் போனீய. நான் ஊத்திட்டேன். ஒரு குழாய் முழுசா. நாந்தான் அவளைக் கொன்னேன்."

"தெரியும்ட்டி."

என் கை நின்றுவிட்டது.

"வென்னி எடுத்தான்னு உன்னை அனுப்புனேன்லா, அப்ப அவா மூக்கைத் தொடச்சேன். துணியில புதுசா எண்ணெ. பூண்டு வாசம். நான் ஊத்தல. அப்ப வேற யாரு ஊத்தியிருப்பா?"

"ஏன்க்கா கேக்கல?"

"நாலு நாளு உம்மேல அவ்வளவு கோவம். தறியில போயி உக்காந்துக்கிட்டேன். அந்த நாலு நாளு நெய்ஞ்ச சீலையை யாரு கட்டியிருக்காளோ, பாவம், அடிச்ச அடியில பலகை மாதிரி இருந்திருக்கும்." கொஞ்சம் சிரித்தாள். "மொத நாளு ஊத்துனப்போ நாக்கைப் பிடிச்சது ஆரு? நாந்தான. சாக்கைத் தச்சது ஆரு?"

"இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா மறுநாளு காலையில நீ இங்கன வந்திருப்பியா? அஞ்சு மாட்டை நான் ஒருத்தியா கறக்க முடியுமாட்டி?"

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வெள்ளச்சியின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கறந்தபடியே அழுதேன்.

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு அழு. பாலுக்குள்ள விழுவுது. தண்ணி கலந்துட்டோம்னு அண்ணாச்சி சண்டைக்கு வந்துருவாரு."